பட், ஆல்தோ, ஹவெவர்: குன்னூர் மாலை வகுப்பில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

குன்னூரில் என் வீட்டு முன்னறையில் சாயந்திரம் ஆறரைக்கு ஒரு ஆங்கில வகுப்பு நடக்கிறது. டாக்ஸி ஓட்டும் அண்ணன் ஒருவர், ஹோம்ஸ்டே நடத்தும் அக்கா ஒருவர், தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதும் தம்பி, ப்ளஸ் டூ பிள்ளைகள் நாலைந்து பேர் என்று ஸ்வெட்டரும் குல்லாவுமாக வந்து உட்காரும் கலவையான கூட்டம். இவர்கள் கேட்கிற கேள்விகளில் பாதி 'ஆனால்' சமாச்சாரம்தான். ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு விஷயத்தை ஆங்கிலத்தில் எந்தச் சொல்லை வைத்துக் கட்டுவது, அந்தச் சொல்லை எங்கே வைப்பது. ஒரே பதிலைப் பத்து தடவை சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைக்கிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படியுங்கள், காது பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தமிழில் 'ஆனால்' ஒன்றே ஒன்றுதானே? இங்கிலீஷில் மட்டும் ஏன் இத்தனை?

ஒன்றே ஒன்று என்று யார் சொன்னது? "மழை பெய்தது, ஆனால் போனோம்." "மழை பெய்தாலும் போனோம்." "மழை பெய்தும் போனோம்." "மழைதான், இருந்தாலும் போனோம்." "அவர்கள் போனார்கள், நாங்களோ போகவில்லை." பாருங்கள், அஞ்சு விதம். நாம் இதையெல்லாம் வினையின் வாலிலோ பெயரின் வாலிலோ ஒட்டிவிடுவதால் தனிச்சொல்லாகக் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ஒட்டுகிற வழக்கம் இல்லை. நாம் வாலில் வைப்பதை அவர்கள் தலையில் வைக்கிறார்கள்: "பெய்தாலும்" என்பதில் கடைசியில் நிற்கிற 'ஆலும்', ஆங்கிலத்தில் முதல் சொல்லாகப் போய் "ஆல்தோ இட் ரெயின்ட்" ஆகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கீழே வரும் பதில்களில் பாதி உங்களுக்கே தெரிந்துவிடும்.

'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்' போடலாமா?

கூடாது. என் வகுப்பில் அதிகம் சிவப்பு மை வாங்குகிற தப்பு இதுதான். "ஆல்தோ இட் வாஸ் ரெயினிங், பட் வி வென்ட் டு தொட்டபெட்டா" என்று எழுதுகிறார்கள். அதையே தமிழில் சொல்லிப் பாருங்கள்: "மழை பெய்தாலும், ஆனால் தொட்டபெட்டாவுக்குப் போனோம்." இடிக்கிறதா? தமிழில் இடித்தால் ஆங்கிலத்திலும் இடிக்கும். ஒரு முடிச்சுக்கு ஒரு கயிறு போதும்.

ஏன் இந்தத் தப்பு வருகிறது என்றால், ஆல்தோவை வாக்கியத்தின் தலையில் போட்டுவிட்டு நீளமாகப் பேசி கமாவுக்கு வருவதற்குள் அது மறந்துவிடுகிறது, மனசு உடனே ஒரு 'ஆனால்' கேட்கிறது. எழுதி முடித்ததும் தலையைத் திரும்பிப் பாருங்கள். அங்கே ஆல்தோ இருந்தால் நடுவில் உள்ள 'பட்'டை அடித்துவிடுங்கள்.

ஆல்தோ, தோ, ஈவன் தோ மூன்றும் ஒரே குடும்பம். ஆல்தோ எழுத்துக்குக் கொஞ்சம் பொருத்தம், தோ பேச்சுக்கு, ஈவன் தோ அழுத்திச் சொல்ல. 'ஈவன் ஆல்தோ' என்று ஒன்று கிடையாது. பின்பாதியிலும் வைக்கலாம்: "வி வென்ட், ஆல்தோ இட் வாஸ் ரெயினிங்."

அப்படியானால் பைபிளில் 'தோ'வும் 'யெட்'டும் சேர்ந்து வருகிறதே, மிஸ்?

சர்ச்சுக்குப் போகிற பெண் ஒருத்தி கேட்டாள், நல்ல கேள்வி. 1611-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பில் முன்பாதியில் தோ, பின்பாதியில் யெட் என்று ஜோடியாக வருவது உண்டு. அது பழைய நடை, இன்றைக்கும் தப்பென்று சொல்லமாட்டேன், ஆனால் பரீட்சையிலும் கடிதத்திலும் வேண்டாம். யெட்டைத் தனியாக, பட் நிற்கும் இடத்தில் வையுங்கள். பட்டைவிட அதில் கொஞ்சம் ஆச்சரியம் கூட இருக்கும், 'அப்படியிருந்தும்' என்கிற மாதிரி. "குறிஞ்சி ஃப்ளவர்ஸ் ஒன்லி ஒன்ஸ் இன் ட்வெல்வ் இயர்ஸ், யெட் எவ்ரி டூரிஸ்ட் ஆஸ்க்ஸ் வேர் இட் இஸ்." கொடைக்கானல் பக்கம் 2018-ல் பூத்தது, கணக்குப்படி அடுத்தது 2030. அதுவரைக்கும் டாக்ஸி அண்ணன் இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம்.

ஈவன் இஃப், ஈவன் தோ: இரண்டும் ஒன்றுதானே?

இல்லவே இல்லை. நாம் தடுக்கி விழுவதற்குக் காரணம் நம்முடைய 'ஆலும்' இரண்டு வேலை பார்ப்பதுதான். "மழை பெய்தாலும் போவோம்" என்றால் மழை இன்னும் வரவில்லை, வரலாம், வராமலும் போகலாம். "மழை பெய்தாலும் போனோம்" என்றால் மழை பெய்தே விட்டது. முன்பாதி இரண்டிலும் அச்சு மாறாமல் ஒன்றுதான். போவோமா போனோமா என்று கடைசி வினை வந்த பிறகுதான் நமக்கே தெரிகிறது. ஆங்கிலக்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லை, முதல் சொல்லிலேயே தெரியவேண்டும். நடக்காததற்கு ஈவன் இஃப், நடந்ததற்கு ஈவன் தோ.

சோதிக்க ஒரு வழி நம் மொழிக்குள்ளேயே இருக்கிறது. 'ஆலும்' இருக்கும் இடத்தில் வெறும் 'உம்' போட்டுப் பாருங்கள்: பெய்தும், படித்தும், இருந்தும். "மழை பெய்தும் போனோம்" சரியாக இருக்கிறது, அப்படியானால் ஈவன் தோ. "மழை பெய்தும் போவோம்" ஒட்டவில்லை, அப்படியானால் ஈவன் இஃப். இதை எந்தக் கைடிலும் நான் பார்த்ததில்லை, வகுப்பில் தற்செயலாக அகப்பட்டது. இதுவரை ஏமாற்றவில்லை.

இதில் தப்பினால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு டாக்ஸி அண்ணன் கதை. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும் என்று ஆனதே, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, அந்தச் சமயத்தில் பெங்களூரிலிருந்து போனில் பேசிய ஒருவரிடம் இவர் "ஈவன் தோ யூ புக்ட் எ ரூம், யூ நீட் ஆன் இ-பாஸ்" என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் இன்னும் ரூமே போடவில்லை. தன் பேரில் யாரோ புக் பண்ணிவிட்டார்கள் என்று பயந்து பத்து நிமிஷம் விசாரணை. அண்ணன் சொல்ல வந்தது "ஈவன் இஃப் யூ புக் எ ரூம், யூ வில் நீட் ஆன் இ-பாஸ்", அதாவது ரூம் போட்டாலும்.

'டெஸ்பைட் ஆஃப்' ஏன் தப்பு? 'இன் ஸ்பைட் ஆஃப்' சரிதானே?

இன் ஸ்பைட் ஆஃப் மூன்று சொல், டெஸ்பைட் ஒரே சொல், பொருள் ஒன்று. முதலாவதில் இருக்கும் ஆஃப் இரண்டாவதில் கசிந்துவிடுகிறது. கசியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம், இந்த இரண்டும் இணைப்புச் சொல்லே கிடையாது. இவற்றுக்குப் பின்னால் ஒரு பெயரோ, 'இங்' போட்ட வினையோதான் வரும், முழு வாக்கியம் வராது. "டெஸ்பைட் இட் வாஸ் ரெயினிங்" தப்பு, "டெஸ்பைட் த ரெயின்" சரி. மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர், அதை ஏற அந்த ரயிலுக்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பஸ் அதில் பாதிக்குள் கொண்டுவந்து இறக்கிவிடும். அப்படியும் ரயிலில் டிக்கெட் கிடைத்தபாடில்லை. இதைச் சொல்ல:

"ஆல்தோ த ட்ரெயின் டேக்ஸ் நியர்லி ஃபைவ் அவர்ஸ், இட் இஸ் ஆல்வேஸ் ஃபுல்."

"டெஸ்பைட் டேக்கிங் நியர்லி ஃபைவ் அவர்ஸ், த ட்ரெயின் இஸ் ஆல்வேஸ் ஃபுல்."

"த ட்ரெயின் டேக்ஸ் நியர்லி ஃபைவ் அவர்ஸ், பட் இட் இஸ் ஆல்வேஸ் ஃபுல்."

ப்ளஸ் டூ பிள்ளைகளே, சிம்பிள், காம்பவுண்ட், காம்ப்ளெக்ஸ் என்று மாற்றி எழுதச் சொல்லும் கேள்வி இதுதான், வேறு பூதம் ஒன்றும் இல்லை. டெஸ்பைட் வந்தால் சிம்பிள், பட் வந்தால் காம்பவுண்ட், ஆல்தோ வந்தால் காம்ப்ளெக்ஸ். 'இங்' போடும்போது மட்டும் ஒரு கவனம்: நேரம் எடுப்பதும் ரயில், நிரம்பி வழிவதும் ரயில் என்று இரண்டு பாதிக்கும் ஆள் ஒன்றாக இருக்கவேண்டும்.

ஹவெவருக்கு முன்னால் கமாவா, முற்றுப்புள்ளியா?

முற்றுப்புள்ளி. செமிகோலன் போடத் தெரிந்தால் அதுவும் சரி. கமா மட்டும் போதாது. பட் என்பது இரண்டு ரயில் பெட்டியை மாட்டுகிற கொக்கி மாதிரி, இழுக்கும். ஹவெவர் ஸ்டேஷன் போர்டு மாதிரி, அடுத்து என்ன வருகிறது என்று காட்டுமே தவிர எதையும் இழுக்காது. "ஐ லைக் ஊட்டி, ஹவெவர் இட் இஸ் க்ரவுடட்" என்று எழுதினால் பெட்டி கழன்று பின்னால் போய்விடும். "ஐ லைக் ஊட்டி. ஹவெவர், இட் இஸ் க்ரவுடட்." பின்னால் கமா உண்டு, அதை மறக்காதீர்கள்.

போர்டு என்பதால் இடம் மாற்றியும் நடலாம். ஜனவரியில் உறைபனி விழுந்து செடி கருகியதைப் பற்றி ஃபேக்டரி தம்பி எழுதினான்: "வி கவர்ட் த ப்ளான்ட்ஸ். த ஃப்ராஸ்ட், ஹவெவர், பர்ன்ட் தெம்." அழகாக இருந்தது, இரண்டு பக்கமும் கமா போட்டிருந்தான். நெவர்தலெஸ்ஸும் இதே ஜாதிதான், கோட் போட்டுக்கொண்டு ஆபீஸ் கடிதத்துக்கு வருவது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் நெவர்தலெஸ் என்று பேசாதீர்கள், பயந்துவிடுவார்.

இன்னொரு ஹவெவர் இருக்கிறது, அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். "ஹவெவர் கோல்ட் இட் இஸ், ஷீ வாக்ஸ் டு சர்ச்." எவ்வளவு குளிராக இருந்தாலும் என்று பொருள். அந்த ஹவெவருக்குப் பின்னால் ஒட்டி கமா வராது.

வேர்ஆஸ் எப்போது போடுவது?

தமிழில் 'ஓ' போடுகிற இடத்தில். "கூடலூரில் கொட்டுகிறது, கோத்தகிரியிலோ வெயில்." இங்கே யாருடைய எதிர்பார்ப்பும் உடையவில்லை, இரண்டு விஷயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறோம். பட்டுக்கும் ஆல்தோவுக்கும் உள்ளே 'நான் ஒன்று நினைத்தேன், வேறொன்று நடந்தது' என்கிற சங்கதி இருக்கும், வேர்ஆஸ்ஸில் அது கட்டாயம் இல்லை. நம் ஜில்லாவின் மழை இதற்கென்றே செய்த உதாரணம். கூடலூர், தேவாலா பக்கம் ஜூனில் தென்மேற்குப் பருவமழை வந்து நனைத்து எடுத்துவிடும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைக்காக அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். "கூடலூர் டிபெண்ட்ஸ் ஆன் த சவுத்வெஸ்ட் மான்சூன், வேர்ஆஸ் கோத்தகிரி வெயிட்ஸ் ஃபார் த நார்த்ஈஸ்ட்."

வைல் என்பதும் இதே வேலை செய்யும், ஆனால் அதற்கு 'அப்போது' என்று இன்னொரு பொருள் இருப்பதால் வில்லங்கம். ஹோம்ஸ்டே அக்கா "வைல் மை ஹஸ்பண்ட் குக்ஸ், ஐ டாக் டு த கெஸ்ட்ஸ்" என்றார். அவர் சமைக்கும்போது இவர் பேசுகிறாரா, அவர் வேலை சமையல் இவர் வேலை பேச்சா? அக்காவே யோசித்துவிட்டு "ரெண்டும்தான்" என்றார். சரி, விட்டுவிட்டேன்.

"தோ ஹி இஸ் புவர், ஹி இஸ் ஆனஸ்ட்." இதைப் பத்தாம் வகுப்பிலிருந்து எழுதுகிறோம். இலக்கணம் சரியா?

இலக்கணம் நூற்றுக்கு நூறு. வாக்கியம்தான் அயோக்கியத்தனம். தமிழில் மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: "அவன் ஏழையாக இருந்தாலும் நேர்மையானவன்." ஏழை என்றால் திருடுவான் என்று யாரோ முன்னாடியே முடிவு கட்டியிருந்தால்தான் இந்த 'ஆலும்' அங்கே நிற்கும். எதிர்ப்பு காட்டும் சொல் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. நீங்கள் எதை எதிர்பார்த்தீர்கள் என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே அது சொல்லிவிடும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படுகிற மாதிரி இல்லை. சில வருஷம் முன்னால் என்னிடம் படித்த பெண் ஒருத்திக்குக் கல்லூரியில் சேர ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினேன். "ஷீ இஸ் ஃப்ரம் ஆன் எஸ்டேட் ஃபேமிலி, பட் ஷீ இஸ் ஹார்ட்வொர்க்கிங்" என்று அதில் ஒரு வரி. நல்லதுதான் எழுதுகிறேன் என்று நினைத்துத்தான் எழுதினேன். வாங்கிப் படித்தவள் கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் கேட்டாள்: "மிஸ், எஸ்டேட்ல இருக்கறவங்க உழைக்க மாட்டாங்களா?" அவள் அம்மா அன்றைக்கும் காலையில் கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கப் போனவர், அட்டை கடித்த காலோடு. நான் கடிதத்தை வாங்கி வேறு எழுதிக் கொடுத்தேன், பட் இருந்த இடத்தில் அண்ட். ஒரு சொல் மாறியதும் வரியே வேறு ஆளைப் பற்றிப் பேசியது.

அதிலிருந்து பட் எழுதும் ஒவ்வொரு இடத்திலும் அண்ட் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். அண்ட் பொருந்திவிட்டால் அங்கே பட் எதற்கு என்று ஒரு தடவை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரூம் சின்னது, ஆனால் சுத்தம். எதை முன்னால் சொல்வது?

பட்டுக்குப் பின்னால் வருவதுதான் மனசில் தங்கும். "த ரூம் இஸ் ஸ்மால் பட் க்ளீன்" என்றால் விருந்தாளி வருவார். "த ரூம் இஸ் க்ளீன் பட் ஸ்மால்" என்றால் வேறு ஹோம்ஸ்டே தேடுவார். ரூம் அதே ரூம்தான். (சின்னச் சொல் இரண்டை இணைக்கும்போது கமா வேண்டாம், இரண்டு பக்கமும் முழு வாக்கியம் இருந்தால் பட்டுக்கு முன்னால் கமா போடுங்கள்.)

இதே காரணத்தால்தான் "வி ஆர் சாரி, பட்" என்று பதில் எழுதாதீர்கள் என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறேன். காலையில் வெந்நீர் வரவில்லை என்று ஒருவர் ரிவ்யூ போட்டால், "வி ஆர் சாரி, பட் த பவர் வாஸ் ஆஃப்" என்பதில் சாரி செத்துப்போகிறது, கரண்ட் மட்டும் நிற்கிறது. வரிசையைத் திருப்புங்கள்: "த பவர் வாஸ் ஆஃப், பட் வி ஷுட் ஹேவ் டோல்ட் யூ. வி ஆர் சாரி." சாரிக்கு அப்புறம் முற்றுப்புள்ளி, வேறொன்றும் வேண்டாம்.

வெள்ளைக்காரர்கள் வாக்கியத்தின் கடைசியில் 'தோ' என்கிறார்களே, அது என்ன?

நம்ம ஊர் 'என்ன,' தான். "ரூம் நல்ல ரூம்தான். என்ன, தண்ணி சூடாக நேரமாகும்" என்போம் இல்லையா, அதே இழுப்பு. "த ரூம் இஸ் நைஸ். த வாட்டர் டேக்ஸ் டைம் டு ஹீட், தோ." நாம் முன்னால் வைப்பதை இந்த ஒரு இடத்தில் அவர்கள் வாலில் வைக்கிறார்கள், தலைகீழ். பேச்சுக்கு மட்டும். ஆல்தோவை இப்படிக் கடைசியில் வைக்க முடியாது.

தோ, த்ரூ, தாட், டஃப் நான்கும் நோட்டில் ஒரே மாதிரி கண்ணைக் கட்டும், சேர்த்து எழுதி ஒரு வாரம் சத்தமாகப் படியுங்கள்.

பட்டில் வாக்கியத்தை ஆரம்பிக்கக் கூடாதாமே?

ஆரம்பிக்கலாம். நல்ல எழுத்தாளர்கள் எப்போதும் செய்கிறார்கள். திருத்துகிறவருக்குப் பிடிக்காமல் மார்க் போகும் என்றால் பரீட்சையில் மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

ஆன் த கான்ட்ரரி, ஆன் தி அதர் ஹேண்ட்: எது எங்கே?

முதலாவது மறுப்பு. எதிராளி சொன்னது தப்பு, உண்மை அதற்கு நேர் எதிர். "மே மாசம் அங்கே வேகுமா?" என்று சென்னைக்காரர் கேட்டால் "ஆன் த கான்ட்ரரி, யூ வில் நீட் எ ஸ்வெட்டர்." இரண்டாவதில் சண்டை இல்லை, இரண்டு பக்கமும் நிஜம். "ஊட்டி ஹேஸ் மோர் ஹோட்டல்ஸ். குன்னூர், ஆன் தி அதர் ஹேண்ட், இஸ் க்வயட்டர்."

"கொடைக்கானல் நீலகிரியில் இல்லை, பழனி மலையில்" என்பதில் ஆனாலே இல்லையே. ஆங்கிலத்தில் பட் வேண்டுமா?

வேண்டும். தமிழில் 'இல்லை', 'அல்ல' என்று சொல்லிவிட்டால் அடுத்தது தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், ஆங்கிலத்தில் நாட் போட்டால் பின்னாலேயே பட்டும் வரவேண்டும்: "கொடைக்கானல் இஸ் நாட் இன் த நீல்கிரிஸ் பட் இன் த பழனி ஹில்ஸ்." காலையில் ஊட்டி, மத்தியானம் கொடைக்கானல் என்று பிளான் போட்டு வருகிறவர்களுக்காக டாக்ஸி அண்ணன் இதைக் கண்ணாடியில் ஒட்டி வைக்கலாமா என்று யோசிக்கிறார், அது திண்டுக்கல் ஜில்லா என்பதையும் சேர்த்து.

"நத்திங் பட்" என்றால் என்ன? அதுவும் ஆனாலா?

அது 'தவிர'. "எவ்ரிபடி பட் மீ" என்றால் என்னைத் தவிர எல்லாரும். 2637 மீட்டர் உயரத்தில் தொட்டபெட்டா டெலஸ்கோப் முன்னால் வரிசையில் நின்று, முறை வந்ததும் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு இறங்கிய ஒரு வெளிநாட்டுக்காரர் டாக்ஸி அண்ணனிடம் சொன்னாராம்: "நத்திங் பட் மிஸ்ட்." அண்ணன் 'ஒன்றுமில்லை, ஆனால் மூடுபனி' என்று புரிந்துகொண்டு, ஆனாலுக்கு அப்புறம் என்ன சொல்லப் போகிறார் என்று குன்னூர் வரும்வரை காத்திருந்திருக்கிறார்.